ரெண்டு பேர் போதும்

அந்த அக்காவை நாங்கள் நாடகம் பார்க்க அழைக்கவில்லை. அவர் சண்டையை விலக்கிவிட வந்தவர்.

மேற்குத் தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டி ஒரு மருந்துக்கடை, அதன் மாடியில் ஒரு டியூஷன் சென்டர். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அந்த ஹாலை எங்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு என்றால் எனக்கும் பாஸ்கருக்கும். அவன் நாடகம் எழுதுவான், இரண்டு பேரும் நடிப்போம். மற்ற நாட்களில் அவன் ஒரு வங்கியில் இருந்தான், நான் ஒரு ஸ்கேன் சென்டரின் ரிசப்ஷனில். மேடை என்று தனியாக எதுவும் கிடையாது, கரும்பலகைக்கு முன்னால் இருக்கும் இடம்தான் மேடை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பாதி நிறைந்துவிட்டால் அன்றைக்கு பாஸ்கரைப் பிடிக்க முடியாது. எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பான்.

அன்று ஒத்திகை. பிரிந்துபோகப் போகும் கணவனும் மனைவியும் வாடகை வீட்டைக் காலி செய்யும்போது சாமான்களைப் பங்கு போட்டுக்கொள்கிற கதை. கடைசியில் ஒரு பிரஷர் குக்கர் மிஞ்சும். அது யாருக்கு என்பதில் இருவரும் வெடிப்பார்கள். பாஸ்கர் கையை ஓங்கிக்கொண்டு கத்தினான், நான் அழுதேன். அப்போது படிகளில் தடதடவென்று சத்தம் கேட்டது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, தோளில் ஹேண்ட்பேக், கையில் மருந்துக்கடைப் பை, மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"பொம்பளகிட்ட இன்னாய்யா சத்தம்? கீழ ரோடு வரிக்கும் கேக்குது. நீ இப்டி வாம்மா."

என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார். "மேடம், இது டிராமா" என்றான் பாஸ்கர். "டிராமாவா இரு, இன்னாவா இரு. மொதல்ல கைய எறக்கு."

விஷயம் புரிந்த பிறகும் அவர் வெட்கப்படவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு, "சரி, அந்தக் குக்கரு யாருக்குப் போச்சி? அத்தப் பாத்துட்டுப் போறேன்" என்றார். முதலிலிருந்து நடித்துக் காட்டினோம். முடிந்ததும் கைதட்டவில்லை, நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு வேண்டியிருந்த தகவல்களே வேறு.

"ரெண்டே பேருதானா?"

"ஆமாக்கா."

"எப்பவும் ரெண்டே பேருதானா?"

"பெரும்பாலும் அப்படித்தான்."

"ரெண்டு பேர் போதும்" என்று எழுந்து, மருந்துப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒரு காட்சி விடவில்லை. ஒவ்வொரு நாடகத்தையும் அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் போடுவோம். இரண்டுக்கும் வருவார். முதல் வரிசையில் ஜன்னல் ஓரம் உட்காருவார். நாற்காலிகள் பக்கத்து விளக்கை அணைத்ததும், ஜன்னல் வெளிச்சத்தில் அவர் உதடு அசையத் தொடங்கும். நாங்கள் பேசப் பேச, அதே வசனத்தைச் சத்தமில்லாமல் தானும் சொல்லிக்கொள்வார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முக்கால் மணி நேரம் உயிரைக் கொடுத்து நடிக்கும்போது எதிரே ஒருவர் வெற்றிலை போடுவதுபோல் வாயை மென்றுகொண்டிருந்தால் யாருக்குத்தான் வராது? "சொல்லிடலாமா?" என்று பாஸ்கரிடம் கேட்டேன். "வர்றதே பத்துப் பதினஞ்சு பேர். அதுல ஒருத்தரையும் துரத்திடு" என்றான்.

அந்தக் கோபம் ஒரே நாளில் போய்விட்டது. ஒரு நாடகத்தின் இரண்டாவது ஞாயிறன்று நடுவில் எனக்கு வசனம் மறந்துபோனது. மூளை சுத்தமாகத் துடைத்த பலகை. பாஸ்கர் கண்ணால் கெஞ்சுகிறான். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அக்காவின் உதடு, நான் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்து, மறுபடியும் நிதானமாக ஒரு தடவை சொன்னது. அதைப் பார்த்தே எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் வரும்வரை நாடகத்தை ஆரம்பிக்க விடமாட்டேன். பஸ் கிடைக்காமல் அவருக்குத் தாமதமானால் மைக் சரியில்லை என்று பொய் சொல்வேன். எங்களிடம் மைக்கே கிடையாது.

அடக்கமான ரசிகை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதிகாரம் தூள் பறக்கும். சானடோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை அவருக்கு. பத்துப் பெண்களை மேய்க்கிற அந்தக் குரலிலேயே எங்களையும் மேய்த்தார். "நடுவுல ஒரு பாட்டு வெச்சா இன்னாவாம்?" என்று கேட்டு பாஸ்கரை மூன்று நாள் தூங்கவிடாமல் செய்திருக்கிறார். ஆனால் அவர் பாராட்டுவதும் குறை சொல்வதும் ஒரு விசித்திரமான வழியில் வரும். காட்சி முடிந்த அன்று ஒன்றும் சொல்லமாட்டார். அடுத்த ஞாயிறு வந்து சொல்வார்.

"போன வாரத்து கடசிப் பேச்சு நீளம்மா. வூட்ல அவரு தூங்கிட்டாரு."

"அந்தக் கடன்காரன் கத வூட்ல புடிக்கல. மூஞ்சத் திருப்பிக்கினாரு."

"பஸ் ஸ்டாண்டு கத சூப்பரு. அன்னிக்கி ரெண்டு இட்லி சேத்துத் துன்னாரு."

வீட்டில் இருக்கும் அந்த 'அவர்' எங்களுக்கு ஒரு பெரிய விமர்சகர் ஆகிவிட்டார். மனைவி வாயால் கதையைக் கேட்டே இவ்வளவு துல்லியமாகத் தீர்ப்புச் சொல்கிற மனிதர், நேரில் வந்தால் நாம் தாங்குவோமா என்று பேசிக்கொள்வோம். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியராக இருக்கும் என்பது பாஸ்கரின் கணக்கு. அவரையும் அழைத்து வரச் சொன்னோம். "அவரால படி ஏற முடியாது" என்றார் அக்கா. முட்டிவலி போலும் என்று நினைத்துக்கொண்டோம். நாடகப் பிரதியைக் கொடுக்கிறேன், அவர் படிக்கட்டும் என்று பாஸ்கர் நீட்டினான். அதையும் வாங்கவில்லை. "பேப்பர நான் பாத்துனு இருந்தா, அவரு மூஞ்ச யாரு பாக்கறது?"

ஒருமுறை கொஞ்சம் பெரிதாகச் செய்வோமே என்று ஐந்து பேரை வைத்து ஒரு நாடகம் போட்டோம். அக்கா உதட்டை அசைத்துப் பார்த்தார், விரல் விட்டு எண்ணிப் பார்த்தார், பாதியில் விட்டுவிட்டார். முடிந்ததும் நேராக பாஸ்கரிடம் வந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"அஞ்சு பேரு வந்தா நான் இன்னா பண்ணுவேன்? எத்தினி பேர நான் தூக்கினு போறது? இந்த வாரம் வெறுங்கையோட போவணும் இப்ப."

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான்தான் சொன்னேன், "அக்கா, நாங்களே உங்க வீட்டுக்கு வந்து பண்றோம். அந்தக் குக்கர் நாடகம். சாருக்காக." வேண்டாம் என்று இழுத்தார், பிறகு சரி என்றார்.

முடிச்சூரில் ஒரு மாடி வைத்த சின்ன வீடு. பாஸ்கர் அயர்ன் பண்ணின சட்டையில் வந்திருந்தான், பேராசிரியரைப் பார்க்கப் போகிறோமே. ஹாலில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில் இருந்தது. அதில் தலையணைகளை முட்டுக்கொடுத்துச் சாய்த்து வைத்த ஒரு மனிதர். பக்கவாதத்தில் வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவராம். எங்களைப் பார்த்து இடது கையைக் கொஞ்சம் தூக்கினார்.

பாஸ்கர் வெளியே போய்ச் செருப்பைச் சரியாக வைப்பதுபோல் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தான்.

சமையலறையில் டீ போட்டுக்கொண்டே அக்கா என்னிடம் சொன்னார். "வெள்ளம் வந்திச்சே, அப்ப நாங்க மொட்ட மாடிலதான் கெடந்தோம். கரண்ட் இல்ல, போன் இல்ல, கீழ கழுத்தளவு தண்ணி. எனக்கு ஒதறலு நிக்கல. இவரு பாத்த சினிமா எல்லாத்தயும் சொன்னாரு. ஈரோவும் இவரே, வில்லனும் இவரே, ஈரோயினியும் இவரே. படகு வர வரிக்கும் வாய மூடல மனுசன். இப்ப வாய் போனதுல இருந்து செவுத்தப் பாத்து திரும்பிப் படுத்துக்கினாரு. சோறு வேணாம், யாரையும் பாக்க வேணாம். உங்க குக்கரு கதயப் பாத்தப்ப, இவருகிட்ட பண்ணிக் காட்டலாம்னு தோணிச்சி, அன்னிக்கே வந்து சொன்னேன். சொல்லச் சொல்லத் திரும்பிட்டாரு. அப்டியே புடிச்சிக்கினேன்."

நாங்கள் கட்டிலுக்கு எதிரே நாடகத்தை ஆரம்பித்தோம். வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக நான் நடித்ததில்லை. ஆனால் அவர் எங்களைப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்றுகொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். அக்காவின் உதடு பழக்கத்தில் அசைந்துகொண்டிருந்தது. அவர் அந்த உதட்டையே பார்த்தார். நான் சத்தமாக அழுதபோது எரிச்சலோடு ஒரு தடவை என் பக்கம் திரும்பிவிட்டு மறுபடியும் அங்கேயே போனார். பாஸ்கர் பாதியில் நிறுத்தினான். "அக்கா, நீங்க பண்ணுங்க. நாங்க பாக்கறோம்" என்றான்.

வெட்கத்தில் அவருக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது. பிறகு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து தொடங்கினார். நான் வசனத்துக்கு முன் காதைத் தொட்டுக்கொள்வேன் என்பது எனக்கே தெரியாது, அவர் தொட்டுக்கொண்டார். நடுவில் சட்டென்று நின்று அசையாமல் உட்கார்ந்திருந்தார். மறந்துவிட்டாரோ என்று பதறினேன். அப்புறம்தான் புரிந்தது. எங்கள் ஹாலில் ரயில் போகும்போது எதுவும் கேட்காது. வசனத்தை நிறுத்தி, அப்படியே உறைந்து நின்று, போனதும் தொடர்வோம். வழக்கமாக வருகிறவர்களுக்கு அது பழகிவிட்டது. அக்கா அந்த ரயிலையும் முடிச்சூருக்குக் கொண்டுவந்திருந்தார். ரயிலே கேட்காத அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு ரயில் போவதற்காகக் காத்திருந்தார்கள்.

குக்கர் இடம் வந்தது. நாடகத்தில் அந்தக் கணவன் கடைசியில் ஒன்றும் பேசாமல் குக்கரை மனைவி பக்கம் தள்ளிவிடுவான். அக்கா பேச்சை நிறுத்திவிட்டுக் காத்தார். கட்டிலில் இருந்தவர் இடது கையை மெதுவாகத் தூக்கி, இல்லாத ஒரு குக்கரை அக்கா பக்கம் தள்ளினார். வாயின் ஒரு பாதி சிரித்தது.

ரெண்டு பேர் போதும் என்று அக்கா ஏன் சொன்னார் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒருவர் அக்கா, இன்னொருவர் அவர் வீட்டுக்காரர். மூன்றாவது வேஷத்துக்கு அந்த வீட்டில் ஆள் இல்லை.

அடுத்த மாதம் பாஸ்கர் ஒரு புது நாடகத்தோடு வந்தான். பெண்டாட்டியோடு கோபித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருக்கும் கணவன். அவனுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. அவள் திட்டுவாள், கெஞ்சுவாள், கிண்டல் செய்வாள். முறைப்பான், முகத்தைத் திருப்புவான். கடைசியில் அவள் மோர் டம்ளரோடு வந்து நிற்கும்போது இடது கையை நீட்டுவான். அவ்வளவுதான் நாடகம். வலது கையைக் கடைசிவரை பேன்ட் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடித்தான் பாஸ்கர்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அக்காவின் உதடு நின்றுவிட்டது. யாருக்காக எழுதியது என்று தெரிந்துவிட்டது. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துவிட்டு, விட்டதைப் பிடிக்க வேகவேகமாக உதட்டை அசைத்தார். போகும்போது பாஸ்கரின் இடது கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

மறுநாள் போன் செய்தார். அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையைப் பற்றிப் பேசுகிற குரல்.

"மொத்தமும் பண்ணாரும்மா. இன்னா மொறப்பு, இன்னா திமிரு. கடசில மட்டும் கை நீட்டல. மோர வெச்சினு நிக்கிறேன், கண்ண மூடிக்கினாரு. சிரிப்ப அடக்கிக்கினு. நாளிக்கிப் பாத்துக்கலாம்னு வெளாட்டு. வர ஞாயித்திக்கெழம நான் இன்னொரு தபா பாத்துட்டு வந்து நீட்ட வெக்கிறேன் பாரு."

அதை அப்படியே பாஸ்கரிடம் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வரவில்லை. முந்தின நாள் விடியற்காலையில் தூக்கத்திலேயே அவர் வீட்டுக்காரர் போய்விட்டார்.

நாங்கள் முடிச்சூருக்குப் போனபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அவரை ஹாலில் கிடத்தியிருந்தார்கள். கைகளை மார்பின் மேல் சேர்த்துக் கட்டைவிரல்களைத் துணியால் கட்டியிருந்தார்கள். ஓசூரிலிருந்து மகன் வந்து தலைமாட்டில் நின்றான். அக்கா அழவில்லை. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து, காதருகே சொன்னார்.

"இன்னும் நீட்டலம்மா கைய."

அந்த வீட்டில் அன்றைக்கு அதிகமாக அழுதது நான்தான், யாரோ சொந்தக்காரப் பெண் என்று நினைத்து இரண்டு பேர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

சில மாதங்கள் கழித்து அக்கா மறுபடியும் வந்தார். அதே ஜன்னலோர நாற்காலி. நாடகம் ஆரம்பித்தது. உதடு அசையவில்லை. கண் எங்களைத்தான் பார்த்தது, வாய் இறுக மூடியிருந்தது. பாதி நாடகத்தில் ஒரு ரயில் வந்தது. நாங்கள் உறைந்து நின்றோம். அந்தச் சத்தத்துக்குள் அவர் எழுந்து, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் போய்விட்டார்.

முடித்துவிட்டு ஓடினேன். கீழே மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க்கா, பிடிக்கலயா?"

"புடிக்காம இன்னா. நல்லாத்தான் கீது."

"அப்புறம் ஏன் எழுந்து வந்துட்டீங்க?"

"முழுசாப் பாத்துட்டா வூட்டுக்கு எடுத்துனு போவணும்மா. எடுத்துனு போயி யாருகிட்ட எறக்கறது? பாதின்னா பரவால்ல, பஸ்ல போறப்பவே மறந்துரும்."

நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். "முடிவு இன்னான்னு சொல்லிடாத" என்றார் போகும்போது.

அதன்பின் ஒரு வருடத்துக்கு மேல் அப்படித்தான். வருவார், பாதி பார்ப்பார், ரயிலுக்குள் எழுந்து போவார். பாதியில் எழுந்துபோகிறவர்களை பாஸ்கருக்கு அறவே ஆகாது, வாசலிலேயே சண்டைக்கு நிற்பான். அக்கா போகும்போது மட்டும் தலையைக் குனிந்துகொள்வான். மோர் நாடகத்தை நாங்கள் திரும்ப எடுக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை, கைதான் வரவில்லை.

பிறகு ஒருநாள் அவரே போன் செய்தார். மகன் ஓசூருக்கே கூப்பிடுகிறானாம், வீட்டை வாடகைக்கு விட்டாயிற்றாம். "போறதுக்கு முன்னாடி அந்த மோர் கதய ஒரு தபா போடச் சொல்லு."

"முழுசாவா அக்கா?"

"அவரு பண்ணின வரிக்கும் பாக்கறேன்."

அந்த ஞாயிறு எங்கள் ஹாலில் நல்ல கூட்டம். அக்கா நேரத்தோடு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது. நான் என் முதல் வசனத்தைச் சொன்னேன். அவர் உதடு அசைந்தது. ஒரு வருடம் மூடிக்கிடந்த வாய், ஒரு சொல் பிசகாமல் என்னோடு வந்தது. திட்டும்போது திட்டினார், கெஞ்சும்போது கெஞ்சினார். அன்று நான் அவருக்காக நடிக்கவில்லை, அவரோடு நடித்தேன். எனக்குக் கிடைத்த நல்ல மாலை அதுதான், அதைவிட வலித்த மாலையும் வேறு இல்லை.

மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு பாஸ்கர் முன்னால் போய் நின்றேன். பாஸ்கர் கண்ணை மூடிக்கொண்டான். நாடகத்தில் அப்படி ஒரு இடம் கிடையாது. உதட்டோரம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.

அக்கா எழுந்தார். ஹேண்ட்பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டார். பாஸ்கரை நன்றாக ஒரு தடவை பார்த்தார். "சரி, நாளிக்கிப் பாத்துக்கலாம்" என்று தாழ்ந்த குரலில் அவனிடம் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

படிகளில் அவர் செருப்புச் சத்தம் இறங்கியது. அது முழுக்க அடங்கும்வரை பாஸ்கர் கையை நீட்டவில்லை. நான் டம்ளரோடு நின்றேன். வழக்கமாக வருகிறவர்கள் ரயிலுக்காகத்தான் நிற்கிறோம் என்று நினைத்துப் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அன்று அந்த நேரத்தில் ரயில் எதுவும் வரவில்லை.